ஆறு நட்டும் சந்தேகம் அண்ணாச்சியும்

சூரியன் கிழக்கே உதித்துவிட்டது என்றால் நாம் எல்லோரும் அப்படியே நம்பிவிடுவோம். வெளியே வந்து, நெற்றியில் கையை வைத்து, இரண்டு நிமிஷம் உற்றுப் பார்த்து, “இன்னைக்குச் சரியாத்தான் இருக்கு” என்று சொல்லிவிட்டுப் பல் விளக்கப் போகும் மனிதர் விருதுநகர் மாவட்டத்திலேயே ஒருவர்தான். அவர் சந்தேகம் அண்ணாச்சி.

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். சிவகாசியில் நான் மேனேஜராக வேலை பார்த்த வேன் ஷெட்டில் அது யாருக்கும் தெரியாது. பட்டாசு ஆலைகளுக்கு ஆட்களை ஏற்றிப் போகும் பதினோரு வேன்களுக்கும் அவர்தான் மெக்கானிக். டீக்கடையில் வடையைப் பிட்டு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த பிறகுதான் வாயில் வைப்பார். பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர், டிரைவர், பக்கத்து சீட்டுக்காரர் மூன்று பேரிடமும் பஸ் எங்கே போகிறது என்று கேட்பார். மூன்று பேரும் ஒரே ஊரைச் சொல்லிவிட்டால், “பேசி வச்சுச் சொல்லுதாக” என்று இறங்கிவிடுவார்.

தன் கல்யாணத்தில் தாலி கட்டிய கையோடு மூன்று முடிச்சையும் இழுத்துப் பார்த்தார் என்று ஷெட்டில் ஒரு கதை உண்டு. உண்மையா என்று அவர் சம்சாரத்திடமே ஒருநாள் கேட்டேன். “ரெண்டு தடவ இழுத்தாக” என்றார் அந்த அம்மாள், இன்னும் கழுத்து வலிக்கிற மாதிரி.

ஆனால் வேலையில் அவரை அசைக்க முடியாது. சக்கரம் கழற்றி மாட்டிய எந்த வேனும் வெம்பக்கோட்டைக்குக் கொஞ்சம் முன்னால் ஓரங்கட்ட வேண்டும். டிரைவர் இறங்கி, வீல் ஸ்பேனரை எடுத்து, அத்தனை நட்டையும் கையால் ஒருதரம் முடுக்கிப் பார்க்க வேண்டும். அவர் போட்ட சட்டம் அது. டிரைவர்கள் அதற்கு ‘சந்தேக ஸ்டாப்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். வேனில் இருக்கும் பெண்கள் வைத்த பெயரை இங்கே எழுத முடியாது. நேரம் தப்பினால் ஆலையில் கேட்டை அடைத்துவிடுவார்கள், அன்றைக்கு வேலை கிடையாது. அந்த ஆத்திரம் அவர்களுக்கு.

சீசன் சூடு பிடித்த சமயம் முதலாளி ஒருநாள் ஷெட்டுக்கு வந்தார். ஒரு சக்கரம் மாற்ற முக்கால் மணி நேரம் ஆவதைப் பார்த்து அவருக்குப் பொறுக்கவில்லை.

“வயர் இல்லாம பேட்டரில ஓடுற மிஷின் வந்திருக்காம்ல. இம்பாக்ட் ரென்ச்சுன்னு சொல்லுதாக. நட்டுல வச்சு அமுக்குனா டகடகன்னு கழண்டு வருதாம். அண்ணாச்சி, நல்லதாப் பார்த்து ஒண்ணு வாங்கிப் போடுங்க.”

நல்லதாகப் பார்த்து என்று அவர் சொல்லியிருக்கக் கூடாது.

மறுநாளே அண்ணாச்சி ஒரு சாக்கு மூட்டையோடு கிளம்பினார். உள்ளே ஒரு பழைய வேனின் ஹப், சக்கரத்தை மாட்டும் இரும்புக் குடம். அதில் ஒரு துருப்பிடித்த நட்டு. நாலு பேர் சேர்ந்து குழாய் மாட்டித் திருகியும் அசையாத நட்டு அது. பெண் பார்க்கப் போகிறவர் ஜாதகத்தைக் கொண்டு போவதுபோல, அந்த மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு கடைகடையாக ஏறினார். துணைக்கு நான்.

முதல் கடையில் ஹப்பைக் கண்ணாடி மேஜை மேல் வைத்தார். மேஜையில் ஒரு கோடு விழுந்தது. கடைக்காரர் அதைக் கவனிக்கும் முன்பே, “இதக் கழட்டிக் காட்டுங்க” என்றார். கடைக்காரர் தன்னிடம் இருந்ததிலேயே பெரிய மிஷினை எடுத்து அமுக்கினார். கடையே அதிர்ந்தது. அலமாரியிலிருந்து இரண்டு டப்பா விழுந்தது. நட்டு மட்டும் அசையவில்லை.

“அண்ணாச்சி, இது நட்டா, இல்ல வெல்டு வச்சுக் கொண்டாந்திருக்கீகளா?”

“சந்தேகமா இருந்தா நல்லாப் பாத்துக்கிடுங்க” என்றார் இவர். அந்தக் கேள்வியை இன்னொருவர் வாயிலிருந்து கேட்டதில் அவருக்கு ஒரே சந்தோஷம்.

இரண்டாவது கடை விருதுநகரில். அங்கே வேறு பிரச்சினை. மிஷினின் பின்பக்கம் காற்றுப் போகும் ஓட்டைகளில் கண்ணை வைத்துப் பார்த்தார். “ஓடும்போது உள்ள பொறி பறக்குமா?” என்று கேட்டார். கடைக்காரர் பறக்காது என்றார். “வெளிச்சத்துல எப்படித் தெரியும்? ஷட்டரை இறக்குங்க.”

பட்டாசுக்காரர்களிடம் பொறி என்ற வார்த்தைக்கு எவ்வளவு மரியாதை என்று அந்தக் கடைக்காரருக்கும் தெரியும். நட்ட நடுப்பகலில் ஷட்டரை இறக்கினார். கும்மிருட்டில் மிஷினை அமுக்கினார். ஓட்டைகளுக்குள் நீலமாகப் பளிச் பளிச்சென்று மின்னியது.

“பறக்குது பாத்தீகளா. இது நம்ம ஊருக்கு ஆகாது.”

ஷட்டரைத் தூக்கினால் வெளியே பதினைந்து பேர் நிற்கிறார்கள். பஜாரில் பட்டப்பகலில் கடையைச் சாத்தினால் துக்கம் என்று அர்த்தம். ஒருவர் கையில் மாலையே இருந்தது. “எப்ப ஆச்சு?” என்று கடைக்காரரிடமே விசாரித்தார். அதற்குப் பிறகு எங்கள் சாக்கு மூட்டை தெருமுனையில் தெரிந்தாலே கடைக்காரர்கள் சாப்பிடப் போய்விடுவார்கள்.

இப்படியே இரண்டு மாதம் ஓடியது. கார்பன் பிரஷ் இல்லாத மோட்டார் என்றால் பொறி வராது என்று கண்டுபிடித்தார். அடுத்து எடை. டீ ஒன்று குடித்து முடிக்கும்வரை மிஷினை நீட்டிய கையில் பிடிக்கச் சொன்னார், என்னை. டீயை ஊதி ஊதிக் குடித்தார். அடுத்து வெயில். பேட்டரியை உச்சி வெயிலில் ஒரு மணி நேரம் வைத்துத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்றார். கடைக்காரர் கும்பிடு போட்டார்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. முதலாளியோ தினமும் போன் போட்டுக் கேட்கிறார். ஒரு வியாழக்கிழமை அண்ணாச்சிக்குத் தெரியாமல் நானே கடைக்குப் போனேன். அட்டைப்பெட்டியில் எதில் பெரிய நம்பர் போட்டிருந்ததோ அதை வாங்கி வந்துவிட்டேன். தேர்ந்தெடுக்க எனக்கு நாலு நிமிஷம் ஆனது. அன்று சாயங்காலம் ஷெட்டுக்கு வந்த அத்தனை பேருக்கும் அதை ஓட்டிக் காட்டினேன். டீக்கடைக்காரருக்கு, தபால்காரருக்கு, முகவரி கேட்டு வந்த யாரோ ஒருவருக்கு. சார்ஜ் போட வேண்டும் என்ற நினைப்பே வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை மூன்றாம் நம்பர் வேனில் பின் சக்கரம் பஞ்சர். அண்ணாச்சி இன்னும் வரவில்லை. முதல் பஸ்ஸில் விருதுநகருக்கு, இன்னொரு கடைக்கு மூட்டையோடு போயிருந்தார். ஏழாயிரம்பண்ணை போகிற வேன் அது. இருபத்திரண்டு பெண்கள் டீக்கடையில் காத்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தி ஜெயராணி, என் மனைவி. அதே ஆலையில் பேக்கிங் மேற்பார்வை அவளுக்கு.

நானே மிஷினை எடுத்தேன். கழற்றும்போது அது சிங்கம் மாதிரி உறுமியது. வேறு சக்கரத்தை மாட்டி ஆறு நட்டையும் வைத்து அமுக்கினேன். அப்போதும் டகடக என்று சத்தம் வந்தது. சத்தம் வந்தால் இறுகிவிட்டது என்றுதானே எவனும் நினைப்பான். பத்தே நிமிஷம். அவர்கள் டீ குடித்துவிட்டு வருவதற்குள் வேன் தயார். ஏறும்போது ஜெயராணி என்னைப் பார்த்த பார்வையில், கல்யாணமாகி முதல்முறையாக, ஒரு மரியாதை இருந்தது.

அந்த மிதப்பில் டிரைவர் முருகேசனிடம் சொன்னேன்: “சந்தேக ஸ்டாப்பெல்லாம் இனி வேண்டாம் முருகேசா. மிஷின் முடுக்குனது. நேராப் போ.”

வேன் போய் ஐந்து நிமிஷத்தில் அண்ணாச்சி வந்து சேர்ந்தார். கடை திறக்கவில்லையாம். மிஷினைப் பார்த்தார். கையில் எடுத்தார். அதன் அடியில் சின்னச் சிவப்பு விளக்கு மினுக்மினுக்கென்று அடித்தது.

“எப்ப சார்ஜ் போட்டீக தம்பி?”

“போடலை அண்ணாச்சி.”

அங்கே கிடந்த ஒரு சக்கரத்தில் நட்டை வைத்து முடுக்கினார். டகடக என்று அதே சத்தம். பிறகு அந்த நட்டை இரண்டு விரலால் பிடித்துத் திருப்பினார். பாட்டில் மூடி மாதிரி கழன்று வந்தது.

முருகேசனுக்கு போன் போட்டேன். மணி அடித்தது, என் மேஜை மேல். எங்கள் ஷெட் வழக்கம் அது. ஆலைக்குள் போன் ஆகாது என்பதால், வேன் ஏறும்போதே எல்லோரும் போனை என் மேஜையில் இருக்கும் பிஸ்கட் டப்பாவில் போட்டுவிட்டுப் போவார்கள். ஜெயராணிக்கு அடித்தேன். அதே டப்பாவுக்குள் இன்னொரு பாட்டு. இருபத்து மூன்று போனும் என் முன்னால் இருந்தன, ஆட்கள்தான் ரோட்டில் இருந்தார்கள்.

“ஏறுங்க” என்றார் அண்ணாச்சி, தன் மொபெட்டைக் காட்டி.

ஏறினேன். அவர் ஏறவில்லை. பெட்ரோல் மூடியைத் திறந்து வண்டியைக் குலுக்கிப் பார்த்தார். முன் பிரேக்கை அமுக்கினார். பின் பிரேக்கை அமுக்கினார். டயரைக் கட்டைவிரலால் அழுத்தினார்.

“அண்ணாச்சி, எம் பொண்டாட்டி அந்த வண்டியில போறா.”

“அதுக்காகத்தான் பாக்கேன். நாம நடுவழியில நின்னுட்டா ஆரு போவா?”

அந்தப் பயணத்தை நான் மறக்க மாட்டேன். வழியில் கூட்டமாக யாராவது நிற்கிறார்களா என்று மட்டும் பார்த்துக்கொண்டே போனேன். ஒவ்வொரு வளைவிலும் எனக்குத் தெரிந்த எல்லா சாமியையும் கூப்பிட்டேன். போ என்று முருகேசனிடம் சொன்ன என் வாயைப் பிய்த்துப் போடலாம் போலிருந்தது.

வெம்பக்கோட்டைக்குக் கொஞ்சம் முன்னால் வேன் ஓரமாக நின்றது. நேராக நின்றது. பெண்கள் இறங்கி நிழலில் நின்று சந்தேகம் அண்ணாச்சியின் வம்சத்தையே திட்டிக்கொண்டிருந்தார்கள். திட்டியதில் ஜெயராணி குரல் தனியாகக் கேட்டது. இருபது வருஷத்தில் அந்தக் குரல் அவ்வளவு இனிமையாக எனக்குக் கேட்டதில்லை. முருகேசன் பின் சக்கரத்தின் முன் குத்தவைத்து ஸ்பேனரைப் போட்டுக்கொண்டிருந்தான்.

என்னைப் பார்த்ததும் எழுந்து மெதுவாகச் சொன்னான்: “நிக்க வேண்டாம்னுதான் சொன்னீக. ஆனா அண்ணாச்சிக்குத் தெரிஞ்சா சாயங்காலம் என்னைய உரிச்சுருவாரு. பயத்துல நிறுத்திட்டேன். நிறுத்திப் பாத்தா, அண்ணே, நாலு நட்டு கையிலேயே சுத்துது.”

பக்கத்தில் இருந்த கிலோமீட்டர் கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டேன். அழுதேனா என்று கேட்காதீர்கள்.

ஜெயராணிக்குக் காது கூர்மை. “நாலு நட்டு சுத்துதா? யாரு மாட்டுனது இந்த வீல?”

சக்கரம் மாட்டும்போது அவளும் மற்றவர்களும் டீக்கடையில் இருந்தார்கள். மாட்டியது யார் என்று பார்க்கவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணாச்சி முந்திக்கொண்டார்.

“நாந்தான் தங்கச்சி” என்றார் அண்ணாச்சி. “நீங்கள்லாம் டீக்கடையில இருந்தப்ப மாட்டுனேன். அவசரத்துல நல்லா முடுக்காம விட்டுட்டேன்.”

வாழ்க்கையில் ஒரு நட்டைக்கூட முடுக்காமல் விடாத மனிதர். இருபத்திரண்டு பெண்களும் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு மற்ற மூன்று சக்கரங்களையும் ஒவ்வொரு நட்டாக முடுக்கிப் பார்த்தார். திட்டு முடிந்ததும் அவர் வேலையும் முடிந்தது. கேட் அடைக்கும் முன்னால் வேன் போய்ச் சேர்ந்துவிட்டது.

திரும்பும் வழியில் கேட்டேன், “ஏன் அண்ணாச்சி உங்க மேல போட்டுக்கிட்டீக?”

“நீங்க வீட்டுக்குப் போகணும்ல தம்பி. எனக்கென்ன, திட்டு வாங்கிப் பழகுன உடம்பு.”

நான் வாங்கிய மிஷினை அவரே கொண்டுபோய் மாற்றினார். கடைசியில் அவர் தேர்ந்தெடுத்த மிஷினும் அந்தத் துருப்பிடித்த நட்டைக் கழற்றவில்லை. பிறகு ஏன் வாங்கினீர்கள் என்று கேட்டேன். “முடியலேன்னதும் நிறுத்திக்கிடுச்சு. மத்ததெல்லாம் போல்ட்ட உடைக்கப் பாத்துச்சு. எம்புட்டு சார்ஜ் இருக்குன்னும் ஒளிக்காமக் காட்டுது” என்றார். அதன் பக்கவாட்டில் வெள்ளை பெயின்ட்டில் எழுதியும் வைத்தார்: கழட்ட மட்டும். முடுக்குவது கை.

நான் அந்த வேலையை விட்டுச் சில வருஷம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணாச்சி வீட்டுக்கு வருவார். ஜெயராணி காப்பி கொடுப்பாள், சர்க்கரை போடாமல். நட்டை முடுக்காமல் விட்ட ஆளுக்கு இது போதும் என்பது அவள் கணக்கு. வடையை வெளிச்சத்தில் பார்க்கிற மனிதர், அந்தக் காப்பியை ஒரு வார்த்தை கேட்காமல் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, “நல்லா இருக்கு தங்கச்சி” என்பார்.

ஜெயராணி, இதை நீ படிப்பாய் என்று தெரியும். அந்த ஆறு நட்டையும் மாட்டி, அரைகுறையாக முடுக்கி, நிற்காமல் போ என்று சொன்னதும் நான்தான். என்னை அப்புறம் திட்டிக்கொள். வருகிற ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சி காப்பியில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை போடு.