வளைவுக் கோளாறு

தண்ணீர்த் தொட்டி வளைவில் வண்டி மறுபடியும் குலுங்கியது. மூக்கைக் கவிழ்த்து ஒரு ஆட்டம் ஆடிவிட்டு, பாதி ரோட்டில் உறுமல் அடங்கி நின்றது.

"இப்ப நான் என்ன தப்பு பண்ணேன்?" என்று ஸ்டீரிங்கை விடாமல் கேட்டாள் மாஸ்டரின் மனைவி.

"நீ ஒண்ணும் பண்ணல. வண்டி சரியில்ல," என்றார் மாஸ்டர்.

அந்தப் பக்கத்தில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அவர். அதில் சொந்தப் பெயர் தேய்ந்துபோய் 'மாஸ்டர்' மட்டும் மிஞ்சியிருந்தது. எப்பேர்ப்பட்ட மாணவர் வந்தாலும் அசர மாட்டார். சுவரைப் பார்த்து வண்டியை விடுகிறவரிடம்கூட, கொட்டாவி விட்டபடியே, "கொஞ்சம் ஒடிங்க, சுவர் ஒதுங்காது," என்பார். பயிற்சி வண்டி என்பதால் பக்கத்துச் சீட்டில் அவருக்கும் ஒரு பிரேக் உண்டு. ஆனால் காலைத் தூக்காமல் வாயாலேயே வண்டியை நிறுத்திவிடுவார் என்று பெயர் வாங்கியிருந்தார்.

பின்சீட்டில் அடுத்த மாணவர் தன் முறைக்குக் காத்திருந்தார். அவர் ஒரு பல் டாக்டர். நாள் முழுக்க அடுத்தவர் வாயைத் திறக்கச் சொல்லியே பழகியவருக்கு, தன் வாயைத் திறந்து பழக்கமில்லை. குலுங்கலில் நழுவிய கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஜன்னலைப் பார்த்தார்.

மனைவி நர்ஸ். வார்டில் நின்று நின்று கால் வீங்கிப்போனவள். வீடு வீடாகப் போய் நோயாளிகளைக் கவனிக்கும் வேலை ஒன்று அவள் ஆஸ்பத்திரியில் காலியாகியிருந்தது. உட்கார்ந்து போய், உட்கார்ந்து பார்த்து, உட்கார்ந்தே திரும்பி வரலாம். ஒரே நிபந்தனை, லைசென்ஸ் வேண்டும். மாதக் கடைசிக்குள் வாங்காவிட்டால் வேலை இன்னொரு நர்ஸுக்குப் போய்விடும். அந்த இன்னொரு நர்ஸிடம் லைசென்ஸும் இருந்தது, அதற்குண்டான மிதப்பும் இருந்தது.

அன்று மதியமே வண்டி மச்சினன் பட்டறைக்குப் போனது. மனைவியின் தம்பிதான் மெக்கானிக்.

"மாப்ள, வளைவுல வண்டி ஆடுது."

மச்சினன் மாமாவைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டிப் பார்த்தான். வண்டி சொன்னபடி கேட்டது.

"நல்லாத்தானே போகுது மாமா."

"நீ ஓட்டினா போகும். உங்கக்கா ஓட்டினாத்தான் குலுங்குது."

மச்சினன் முகம் மாறியது. "எங்கக்காவுக்கு ஓட்ட வரலன்னு சொல்றீங்களா?"

"அப்படிச் சொல்வேனா? அவ தைரியமா திருப்புறா. அதுல வண்டியோட குறை வெளிய வந்துடுது. நீயும் மத்தவங்களும் பயந்து பயந்து திருப்புறீங்க, அதனால தெரியறதில்ல."

இந்த விளக்கம் மச்சினனுக்கு மிகவும் பிடித்திருந்தது. அக்காவின் மானமும் காப்பாற்றப்பட்டது, பட்டறைக்கு வேலையும் கிடைத்தது. "அப்ப ஸ்பிரிங்கை மாத்திடுவோம். குட்டையா, கெட்டியா, ரேஸ் வண்டிக்குப் போடற மாதிரி வந்திருக்கு," என்றான்.

போட்டான். வண்டி தரையோடு தரையாகப் பதுங்கியது. மறுநாள் காலை வளைவில் மூக்கு கவிழவில்லை. அதற்குப் பதில் குலுங்கல் நேராக எல்லோருடைய முதுகெலும்புக்கும் போனது. போதாக்குறைக்கு, வேகத்தடை வந்தாலே வண்டியின் வயிறு தரையில் இழுபட்டது. மாலை நேர மாணவரான வக்கீல் கொஞ்சம் கனமான ஆள். ஒவ்வொரு வேகத்தடைக்கும் அவர் இறங்கி நடந்து, தடைக்கு அந்தப் பக்கம் போய்க் காத்திருந்து ஏறிக்கொள்ள வேண்டியதாயிற்று.

"நான் ஓட்டக் கத்துக்க வந்தேனா, நடக்கக் கத்துக்க வந்தேனா?" என்று அவர் கேட்டதை மாஸ்டர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"ரோட்டைப் பிடிக்கல மாமா, அதான். டயரை அகலமாக்குவோம்," என்றான் மச்சினன்.

அகலமான டயர் வந்தது. இப்போது வண்டி ரோட்டை விடுவேனா என்று பிடித்தது. ஸ்டீரிங்கைத் திருப்ப இரண்டு ஆள் பலம் வேண்டியிருந்தது. முழுக்க ஒடித்தால் டயர் மட்கார்டில் உரசிக் கத்தியது. வயலின் வகுப்பு எடுக்கும் பெண்மணி, "எனக்கு இந்தக் கை வேணும் மாஸ்டர்," என்று சொல்லிவிட்டு எதிர்வரிசைப் பயிற்சிப் பள்ளிக்கு மாறிப்போனார்.

அதையும் பொறுத்துக்கொள்ளலாம். தண்ணீர்த் தொட்டி வளைவில் மனைவி திருப்பியபோது வண்டி ஆணி அடித்தாற்போல் நின்றது. பல் டாக்டரின் கண்ணாடி பறந்துபோய் முன்பக்கம் விழுந்தது.

"மன்னிக்கணும்," என்றார் டாக்டர். ஏன் சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை.

"டயர் இவ்வளவு நல்லாப் பிடிக்குது, பிரேக் பழசா இருந்தா ஒத்துப்போகுமா?" என்று மச்சினன் அடுத்து பிரேக் கட்டைகளை மாற்றினான். தொட்டால் போதும், பிடித்துக்கொள்ளும் வகை. மறுநாள் கண்ணாடி மட்டுமல்ல, டாக்டரே முன்சீட்டுகளுக்கு நடுவில் பாதி தூரம் வந்துவிட்டார்.

இத்தனைக்கும் மனைவி நிறுத்தும் இடத்தில் ஒழுங்காக நிறுத்தினாள், நேர் ரோட்டில் அம்சமாகப் போனாள். வளைவு வந்தால்தான் வினை. அவள் ஸ்டீரிங்கை ஒடிக்க ஆரம்பித்ததும் மாஸ்டர் கதவுப் பிடியைக் கெட்டியாகப் பற்றிக்கொள்வார். எந்தப் பக்கத்திலிருந்து எந்த லாரி வருமோ என்று பதறுவார். இந்தப் பாழாய்ப்போன வண்டியை நம்பி இவளை உட்காரவைத்தோமே என்று தன்னையே திட்டிக்கொள்வார்.

அன்று சாயங்காலம் மனைவி சமையலறையில் பாத்திரத்தைத் தேய்த்த தேய்ப்பில் அதன் அடி ஓட்டையாகிவிடும் போலிருந்தது.

"விட்டுடலாங்க. எனக்கு வார்டே போதும்."

"ஏன் அப்படிச் சொல்ற?"

"வேற எப்படிச் சொல்றது? நேத்து சேர்ந்த பையனெல்லாம் அந்த வளைவுல சர்ருன்னு போறான். நான் போனா நிக்குது. இத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்த உங்களாலயே எனக்குச் சொல்லிக்கொடுக்க முடியலன்னா, தப்பு என்கிட்டதானே இருக்கணும்?"

கல்யாணமான நாளிலிருந்து அவள் தனக்கென்று வாய்விட்டுக் கேட்டது இந்த ஒரு வேலையைத்தான். அதைக்கூட ஒரு தகர டப்பாவால் கொடுக்க முடியவில்லையே என்று அவருக்கு அழுகையே வந்தது.

"இதோ பாரு, உன் மாதிரி ஓட்டுற ஆளை நான் பார்த்ததில்ல. வண்டியை நான் சரிபண்ணித் தரேன். நீ டெஸ்டுக்கு வா, போதும்," என்றார்.

டெஸ்டுக்கு முதல் நாள் மச்சினன் கடைசி அஸ்திரத்தை எடுத்தான். திரும்பும்போது வண்டி சாயாமல் இரண்டு பக்கச் சக்கரத்தையும் பிணைத்துப் பிடிக்கிற கெட்டிக் குறுக்குக் கம்பி. அதை மாட்டி முடித்தபோது இருட்டிவிட்டது. ஓட்டிப் பார்க்க நேரமில்லை.

காலையில் மைதானத்தில் மாஸ்டர், மச்சினன், டெஸ்ட் எப்படி இருக்கும் என்று பார்க்க வந்த பல் டாக்டர் மூவரும் வரிசையாக நின்றார்கள். லைசென்ஸ் ஆபீசர் வண்டியின் உயரத்தைப் பார்த்து யோசித்து, தலையை முதலில் விடுவதா காலை முதலில் விடுவதா என்று முடிவுசெய்து, ஒருவழியாகப் பக்கத்துச் சீட்டில் இறங்கினார்.

"நானும் பின்னாடி ஏறிக்கட்டுமா சார்?" என்று மாஸ்டர் கெஞ்சினார்.

"டெஸ்ட் அவங்களுக்கு. உங்களுக்கு இல்ல."

வண்டி கிளம்பியது. முதல் வளைவு. மாஸ்டர் மச்சினன் தோளைப் பிடித்தார். வண்டி குலுங்கவில்லை. இரண்டாவது, அதைவிடக் குறுகல். அதிலும் தயங்காமல் போனது. எட்டுப் போடும் இடத்தில் மனைவி ஸ்டீரிங்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றி ஒடிக்க, வண்டி கோடு போட்டதுபோல் வளைந்து வளைந்து வந்து, கிளம்பிய இடத்திலேயே நின்றது.

ஆபீசர் கைகளை ஊன்றி வெளியே வந்தார். "பாஸ். வளைவெல்லாம் பிரமாதம்மா. முதுகுதான் எனக்குக் கொஞ்சம் பிடிச்சுக்கிச்சு."

மனைவி ஸ்டீரிங்கில் முகத்தை வைத்து ஒரு நிமிஷம் சிரித்தாள், அழுதாள், இரண்டும் சேர்ந்துதான் வந்தது. மாஸ்டருக்குக் கால் தரையில் இல்லை. மச்சினனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"கம்பிதான் மாப்ள. எல்லாம் அந்தக் கம்பி பண்ண வேலை."

"நான்தான் சொன்னேனே மாமா. வண்டியிலதான் கோளாறு."

பல் டாக்டர் தொண்டையைக் கனைத்தார். அவராக வாயைத் திறக்கிறார் என்றதும் இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"மாஸ்டர், ஒரு சந்தேகம். மேடம் வளைவுல திரும்பறப்பல்லாம் நீங்க கண்ணை மூடிக்கிட்டு உங்க பக்கத்து பிரேக்கை அழுத்தி மிதிப்பீங்களே, அந்தப் பாடத்தை எனக்கு எப்ப ஆரம்பிப்பீங்க?"