உரக் கிடங்கில் மாறிய தட்டு

அன்று விழுப்புரம் உரக் கிடங்கின் ஆபீஸ் அறையில் இருந்தவர்கள் இவர்கள்: மேனேஜர் மிஸ்ரா, விழுப்புரம் கிடங்குப் பொறுப்பாளர் சுப்பராயலு, திண்டிவனம் கிடங்குப் பொறுப்பாளர் கண்ணையன், பியூன் பச்சைமுத்து, கூட்டிப் பெருக்கும் குப்பம்மாள், யூரியா வாங்க வந்த காணை கிராமத்து அப்பாதுரை. நானும் இருந்தேன் என்று பிற்பாடு சொல்லிக்கொண்டு திரிந்தவர்கள் யாரும் அங்கே இல்லை.

சுப்பராயலுவின் கையில் கண்ணையன் கொடுத்த தட்டு. கண்ணையன் கையில் சுப்பராயலு கொடுத்த தட்டு. கம்பெனி உத்தரவு, மாற்றிக்கொள்ளுங்கள் என்று மிஸ்ரா சொன்னதால் முகத்தைப் பார்க்காமல் மாற்றிக்கொண்டார்கள். இரண்டு தட்டும் துண்டு போட்டு மூடியிருந்தன. உள்ளே ஜாங்கிரி இருக்கும் என்று சுப்பராயலு நினைத்தார்.

மிஸ்ரா துண்டுகளை உருவினார். வெற்றிலை, பாக்கு, பழம், பூ, மஞ்சள் தடவிய தேங்காய்.

"முடிஞ்சுது!" என்று கைதட்டினார். "இனிமே ரெண்டு பேரும் ஃப்ரெண்டு."

வேறு யாரும் கைதட்டவில்லை. அப்பாதுரைதான் முதலில் வாயைத் திறந்தார்.

"அப்போ கல்யாணம் எந்த மாசம் வெச்சிருக்கீங்க?"

எங்கள் பக்கத்தில் இரண்டு தகப்பன்மார் நாலு பேர் முன்னால் தட்டு மாற்றினால் அதற்கு ஒரே பொருள்தான். சுப்பராயலுவுக்குக் கிருஷ்ணவேணி என்று ஒரு பெண். கண்ணையனுக்கு விருத்தாசலம் என்று ஒரு பையன். முறைக்குக் கட்டிக்கொள்ள வேண்டியவர்கள்தான். ஆனால் அனந்தபுரத்தில் நடந்த ஒரு கல்யாணத்தில் கண்ணையன் சந்தனக் கிண்ணத்தைச் சுப்பராயலுவிடம் நீட்டாமல் அடுத்த ஆளிடம் நீட்டிவிட்டார். கவனிக்கவில்லை என்றார் கண்ணையன். கவனிக்கப்படாத குடும்பம் அல்ல சுப்பராயலுவின் குடும்பம். எட்டு வருஷமாகப் பேச்சு இல்லை. கண்ணையன் வீட்டு வாசலை மிதிப்பதில்லை என்று குலதெய்வத்தின் முன் கற்பூரம் கொளுத்திச் சொன்னவர் சுப்பராயலு.

ஒரே கம்பெனியில் வேலை பார்ப்பவர்கள் இப்படி இருந்தால் உர மூட்டை எப்படி நகரும்? திண்டிவனத்துக்குச் சுப்பராயலு போன் போட்டால் கண்ணையன் எடுப்பார். இரண்டு பக்கமும் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும். பிறகு பச்சைமுத்து போனை வாங்கி, "சார் லோடு கேக்கறாரு" என்பான். அங்கிருந்து, "சார் இல்லைன்றாரு" என்று பதில் வரும். எண்பத்து நாலாம் வருஷத்துச் சம்பா நடவில் விவசாயிகள் வெறும் சாக்கோடு திரும்பிப் போனார்கள்.

மிஸ்ரா கான்பூர்க்காரர். வேறு ஊர் ஆட்களை வைத்து வேலை வாங்குவது எப்படி என்று படித்துவர அவரைக் கம்பெனி ஐதராபாத்துக்கு அனுப்பியிருந்தது. திரும்பி வந்தவர் வேட்டிக்கு மேல் பேண்ட் பெல்ட் கட்டிக்கொண்டு ஆபீசுக்கு வந்தார். லாரி டிரைவரையும் கலெக்டரையும் ஒன்றாக 'தம்பி' என்று அழைத்தார். அந்தப் படிப்பின் பலன்தான் இந்தத் தட்டு என்று சுப்பராயலுவுக்குப் புரிந்தது.

மிஸ்ராவை ஓரமாக அழைத்துப்போய் விஷயத்தைச் சொன்னார்.

மிஸ்ரா நெற்றியில் கைவைத்துக்கொண்டார். "அடடா! கோர்ஸ்ல சொன்னாங்க, உள்ளூர் வழக்கப்படி சமாதானம் பண்ணுன்னு. சரி, தட்டு திருப்பிக் குடுங்க."

"திருப்பக் கூடாது சார். திருப்பினா பொண்ணு மேல கொறைன்னு ஆயிடும்."

"அப்போ கண்ணையன் திருப்பட்டும்."

"நான் எதுக்குத் திருப்பணும்?" என்று கண்ணையன் சுவரைப் பார்த்துச் சொன்னார். "எம்புள்ள என்ன நொண்டியா, மொடமா?"

இருவரும் தட்டைக் கீழே வைக்காமல் நின்றார்கள். சுப்பராயலுவுக்குத் தோள் கடுத்தது.

"ஐடியா!" என்றார் மிஸ்ரா. "எல்லாரும் சாப்பிட்டுடலாம். தட்டு காலி, பிரச்சினை காலி."

வேண்டாம் என்று சுப்பராயலு சொல்வதற்குள் அவர் வெற்றிலையையும் பழத்தையும் எடுத்து எல்லார் கையிலும் கொடுத்துவிட்டார். அப்பாதுரை வெற்றிலையை நிதானமாக மடித்து வாயில் போட்டுக்கொண்டார்.

"சபைக்குத் தாம்பூலமும் குடுத்தாச்சு. இனிமே அந்த ஆண்டவனே வந்தாலும் மாத்த முடியாது. நான் வர்றேன்."

"யூரியா?" என்றான் பச்சைமுத்து.

"அது கெடக்குது போ. ஊர்ல சொல்லணும் மொதல்ல."

சாயங்காலம் தேங்காயைப் பைக்குள் போட்டு, மேலே பழைய பேப்பரைத் திணித்து வீட்டுக்கு எடுத்துப்போனார் சுப்பராயலு. வீட்டில் ஏற்கனவே குத்துவிளக்கு எரிந்தது. மனைவி காந்திமதி பையை வாங்கித் தேங்காயை நேராகச் சாமி படத்தின் முன் வைத்தாள்.

"இது நெசம் இல்லடி. அந்த வடக்கத்தி ஆளு தெரியாமப் பண்ணிட்டாரு."

"யாரு பண்ணா இன்னாங்க? மூணு தெருவுக்கு வெத்தல பாக்கு குடுத்துட்டேன்."

"யாரைக் கேட்டுக் குடுத்த?"

"யாரைக் கேட்டு நீங்க தட்டு மாத்தினீங்க?"

கிருஷ்ணவேணி சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. பெண் மனம் உடைந்து அழுகிறாள் என்று நினைத்து அவர் சோறு வேண்டாம் என்று படுத்துவிட்டார்.

ஒரே ஒரு வழிதான் இருந்தது. கண்ணையனையே வேண்டாம் என்று சொல்லவைக்க வேண்டும். மறுநாள் திண்டிவனம் பஸ் ஏறினார். வாசலை மிதிக்காமல் அவரை பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்கு வரச்சொல்லி ஆள் அனுப்பினார். எட்டு வருஷத்துக்குப் பிறகு இருவரும் ஒரே பெஞ்சில், நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடம் விட்டு உட்கார்ந்தார்கள்.

"நீ வேணாம்னு சொல்லிடு" என்றார் சுப்பராயலு.

"நான் எதுக்குச் சொல்றேன்? நீ சொல்லு."

"பொண்ணைப் பெத்தவன் நான் எப்பிடிச் சொல்றது? ஊரு அவளைத்தானே பேசும்."

"நான் சொன்னா மட்டும்? பையனுக்கு வேற எங்கியோ தொடுப்பு இருக்குதுன்னுவானுங்க."

"எம்பொண்ணை வேணாம்னு சொல்ல உனக்கு வாய் வரல பாத்தியா? எஸ்ஸெல்சி பாஸு. நின்னா நடந்தா ஒரு சொல் சொல்ல முடியாது."

"எம்புள்ளைக்கு மட்டும் இன்னா கொறச்சல்? பீடி சிகரெட் தொடமாட்டான். சொந்த பம்புசெட்டு."

"அதைத்தான் நானும் சொல்றேன்!"

"நான் மட்டும் இல்லன்னா சொன்னேன்?"

இருவரும் மூச்சு வாங்கினார்கள். டீ ஆறிப்போயிருந்தது. பஸ்ஸுக்கு நின்றவர்களில் ஒருவர், "சம்பந்திங்க தேதி பாக்கறாங்க போல" என்று பக்கத்து ஆளிடம் சொன்னது தெளிவாகக் கேட்டது.

கடைசியில் கண்ணையன்தான் மெல்லச் சொன்னார்: "இதோ பாரு மச்சான்."

அந்த 'மச்சான்' காதில் விழுந்ததும் சுப்பராயலு துண்டால் மூக்கைத் துடைத்தார். தும்மல் என்று காட்டிக்கொண்டார்.

"நாம யாரும் எறங்கி வரல" என்றார் கண்ணையன். "நீயும் வரல, நானும் வரல. வழக்கம் தெரியாத மனுசன் தெரியாமப் பண்ணிட்டாரு. ஆபீசர் கையால நடந்துடுச்சு, தட்ட முடியல. அவ்வளவுதான்."

"அவ்வளவுதான்" என்றார் சுப்பராயலு. "கற்பூரம் கொளுத்திச் சொன்னதுக்கும் பங்கம் இல்ல. கல்யாணத்தைக் கோயில்ல வெச்சிக்கினா ஒன் வாசலை மிதிக்கத் தேவையில்ல."

தை மாதம் திருவாமாத்தூர்க் கோயிலில் கல்யாணம் நடந்தது. அதற்குள் விழுப்புரம் லாரி திண்டிவனத்துக்கும் திண்டிவனம் லாரி விழுப்புரத்துக்கும் கேட்ட அன்றே போய்வரத் தொடங்கியிருந்தன. சந்தனக் கிண்ணத்தைக் கண்ணையன் சுப்பராயலுவிடம் நாலு தடவை நீட்டினார். நாலு தடவையும் எடுத்துக்கொண்டதால் கழுத்து பிசுபிசுத்தது. வந்தவர்களுக்கெல்லாம் ஒரே கதையைச் சொல்லிச் சொல்லி வாயும் ஓய்ந்துபோயிருந்தது.

பந்தியில் அப்பாதுரை இன்னும் நாலு பேரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மறுபடி அந்தக் கதையையே கேட்டார். தலைவாழை இலையைத் தப்பாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த மிஸ்ராவைச் சுப்பராயலு பரிதாபமாகப் பார்த்தார்.

"அவரை ஒண்ணும் சொல்லக் கூடாதுப்பா. வடக்கத்தி ஆளு. நம்ம வழக்கம் தெரியாம, பாவம், தட்டை மாத்த வெச்சிட்டாரு."

எதிர்வரிசையில் ரசத்துக்காகச் சோற்றில் குழி பறித்துக்கொண்டிருந்த குப்பம்மாள் நிமிராமலே சொன்னாள்:

"தெரியாமன்னு யாருங்க சொன்னது? பொண்ணும் மாப்பிள்ளையும் அவரு வூட்டாண்ட வந்து அழுதுட்டுப் போன மறாநாளு, நல்ல நேரம் எப்போன்னு அய்யரைக் கேட்டுக்கினு தேங்காக்கு மஞ்சா தடவி எடுத்துக்கினு வான்னு என்னைத்தான் அனுப்பினாரு."