மொட்டு விரியும்வரை அப்பா காத்திருக்கவும்

ஒரு குடும்பத்தின் பாசத்தை அளக்கப் பூவைவிடத் துல்லியமான கருவியை மனித குலம் இதுவரை கண்டுபிடிக்கவில்லை. வெறும் வாயால் 'வாங்கப்பா' என்பதெல்லாம் பழைய காலத்து ஏற்பாடு.

பித்தப்பையில் கல் என்று ஆஸ்பத்திரியில் படுத்திருந்த அப்பா, ஆபரேஷன் முடிந்து நல்லபடியாக வீடு திரும்பப்போகிறார் என்று தெரிந்ததும் 'வரவேற்புக் குழு' ஒன்றை அமைத்தோம். என் மனைவி தலைவர், தங்கை செயலாளர். நான் உறுப்பினர், அதாவது ஏணி பிடிப்பவன். வசந்தம் பிறந்துவிட்டதால் வீடு முழுக்க வசந்தகாலப் பூக்கள்தான் என்று முதல் கூட்டத்திலேயே ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. அப்பாவுக்கு என்ன பிடிக்கும் என்பது நிகழ்ச்சி நிரலில் இல்லை.

ஆலோசகர் ஒருவரும் வரவழைக்கப்பட்டார். பூக்கடைக்காரர் என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். 'மலர்ச் சூழல் ஆலோசகர்' என்று சொல்ல வேண்டும். அவர் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, டூலிப் மொட்டுகளுக்குக் குளிர்ச்சியான அறை வேண்டும் என்றார். வீட்டிலேயே குளிர்ச்சியானது அப்பாவின் அறை. கட்டிலை நிமிர்த்திச் சுவரில் சாய்த்துவிட்டுப் பதினாறு வாளிகளை உள்ளே வைத்தோம். அப்பாவுக்காக அப்பாவின் அறையையே தியாகம் செய்த குடும்பம் எங்களுடையது.

இந்த நேரம் பார்த்து ஆஸ்பத்திரி ஒரு குளறுபடி செய்தது. வெள்ளிக்கிழமை அனுப்புவதாகச் சொன்னவர்கள், உடம்பு சீக்கிரம் தேறிவிட்டது, புதன்கிழமையே அழைத்துப் போகலாம் என்றார்கள். மொட்டுகளோ வெள்ளிக்கிழமைதான் விரியும். உறவினர்களையும் அன்று மாலைக்குத்தான் அழைத்திருந்தோம். குழுவின் சார்பில் நர்ஸம்மாவுக்குப் போன் போட்டேன்.

"ரெண்டு நாள் கழிச்சுக் கூட்டிட்டு வரலாமா?"

"ஏன் சார், ஊர்ல இல்லையா?"

"இருக்கோம். மொட்டு இன்னும் விரியல."

நர்ஸம்மா குரலை மிருதுவாக்கிக்கொண்டார்.

"அவருக்கு எல்லாம் குணமாயிடுச்சு சார். நீங்க ஒரு தடவை வந்து டாக்டரைப் பாருங்க."

எங்கள்மேல் அவருக்கு அவ்வளவு அக்கறை.

புதன்கிழமை காலை அப்பா தாமாகவே ஒரு வாடகைக் காரைப் பிடித்துத் துணிப்பையோடு வந்து இறங்கினார். வாசலில் ஏணி குறுக்கே நின்றது. ஆலோசகர் பதறிப்போனார். வரவேற்கப்படுபவர் அலங்காரத்தை முன்கூட்டியே பார்த்துவிட்டால் 'முதல் பார்வை' கெட்டுவிடுமாம். அப்புறம் போட்டோவில் முகத்தில் வியப்பு வராதாம். அதனால் என் மனைவி கனிவாகவே சொன்னாள்.

"ரெண்டே நாள் மாமா. அதுவரைக்கும் உள்ள பாக்காதீங்க."

அப்பா ஓய்வுபெற்ற தபால்காரர். முப்பது வருஷம் ஊரார் வாசலில் நின்று பழகியவருக்குத் தாம் கட்டிய வீட்டு வாசலில் நிற்பது ஒன்றும் சிரமமாக இருக்காது என்று தங்கை அபிப்பிராயப்பட்டாள். அவர் வயிற்றைக் கையால் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் கையை எடுத்தால் ஏணி சரிந்துவிடும், எடுக்கவில்லை.

எதிர்வீட்டு சைக்கிள் மெக்கானிக் இதைப் பார்த்துவிட்டு வந்து, ஒன்றும் கேட்காமல் பையை வாங்கிக்கொண்டு அப்பாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனார். ரசனையே இல்லாத வீடு. மருந்துக்குக்கூட ஒரு பூ கிடையாது. டயர், டியூப்புகளை ஒதுக்கிக் கட்டிலைப் போட்டு, வெந்நீர் வைத்துக் கொடுத்து, இரண்டு நாளும் வேளாவேளைக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்திருக்கிறார். அலங்காரம் என்று சொல்லிக்கொள்ள அங்கே எதுவுமில்லை.

வெள்ளிக்கிழமை மொட்டுகள் சொன்ன சொல் தவறாமல் விரிந்தன. கூடம், படிக்கட்டு, ஜன்னல் எங்கு பார்த்தாலும் மஞ்சளும் சிவப்பும். உறவினர்கள் போட்டோ எடுத்துத் தள்ளினார்கள். அப்பாவை அழைத்து வந்து நட்டநடுவில் நிறுத்தினோம். 'முதல் பார்வை' பிரமாதமாக அமைந்தது. அவர் ஒவ்வொரு பூவாகப் பொறுமையாகப் பார்த்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, கொடுத்த டீயைக் குடித்தார். தங்கையின் தலையைத் தடவி, ரொம்ப நன்றாகச் செய்திருப்பதாகச் சொன்னார். பிறகு எழுந்து செருப்பைத் தேடினார்.

"எங்கப்பா கிளம்பிட்டீங்க?" என்றேன்.

"மாத்திரை நேரமாச்சுப்பா. அவர் எடுத்து வச்சுட்டுக் காத்திருப்பார். வீட்டுக்குப் போறேன்."

குழுவினர் அனைவரும் வாசல்வரை சென்று அவரை வழியனுப்பி வைத்தோம். அன்று வந்த விருந்தாளிகளில் ஒருவருக்குக்கூட நாங்கள் எந்தக் குறையும் வைக்கவில்லை.