இன்னும் கொஞ்சம் வெளிச்சம்

"வெளிச்சம் பத்தல," என்று சொல்லிக்கொண்டே புரூப் ரீடர் ஸ்டூலில் ஏறி ஜன்னல் திரையை இழுத்தார். திரையோடு கம்பியும், கம்பியோடு ஒரு கை அகலச் சிமென்ட் பூச்சும் பெயர்ந்து விழுந்தன.

சமையலறையிலிருந்து மனைவி ஓடி வந்தாள். "என்னங்க இது? நல்லாத்தானே இருந்துச்சு திரை!"

"ரூம் குகை மாதிரி இருக்கு. எழுத்தே தெரியல."

"எனக்கு நல்லாத் தெரியுதே!"

நீ வாங்கிய திரையாயிற்றே, வேறென்ன சொல்வாய் என்று நினைத்தார்.

முப்பது வருஷமாக அச்சுப்பிழை பிடிப்பவர். போன மாதம் ஒரு சமையல் புத்தகத்தில் 'கால் கரண்டி உப்பு' என்பது 'நாலு கரண்டி உப்பு' என்று போய்விட்டது. சமைத்துப் பார்த்தவர்கள் பதிப்பாளரைப் போனில் பிடித்துக் காய்ச்சி எடுத்துவிட்டார்கள். "இதுதான் சார் கடைசி வாய்ப்பு," என்று பதிப்பாளர் அடுத்த புத்தகத்தின் அச்சுத்தாள்களை அனுப்பியிருந்தார். இந்தத் தடவை உப்பில்லை, மாத்திரை. எந்த நோய்க்கு எது, எவ்வளவு என்று சொல்லும் புத்தகம். ஐந்து மணிக்கு வாங்கிப்போக ஆள் வருவார். அறுபது பக்கம் பாக்கி.

திரை போனதும் வெயில் நேராக மேஜையில் விழுந்தது. தாள் பளபளத்தது, எழுத்து அதில் கரைந்தே போனது.

"நேரா அடிக்கிற வெளிச்சம் ஆகாது. சுத்தி வரணும்."

ஜன்னலுக்கு எதிரே கண்ணாடி வைத்தால் அறை இரண்டு மடங்கு பிரகாசமாகும் என்று ஏதோ வீட்டு அலங்காரப் பத்திரிகையில் படித்திருந்தார். படுக்கையறையின் ஆளுயரக் கண்ணாடியைத் தரதரவென்று இழுத்து வந்து நிறுத்தினார். வெயில் அதில் பட்டு எங்கெங்கோ தெறித்தது. இப்போது கண்ணில் நீர் வழிய ஆரம்பித்தது.

"சுவருதான் வெளிச்சத்தைக் குடிக்குது," என்றார்.

மாடி வீட்டில் வேலை பார்த்துக்கொண்டிருந்த பெயின்டரைக் கையோடு அழைத்து வந்தார். ஒரு மணி நேரத்தில் சுவர் முடிந்தது.

"வெள்ளை கேட்டா மஞ்சள் அடிச்சு வச்சிருக்கீங்களே?"

"வெள்ளைதான் சார். டப்பாவைப் பாருங்க."

"டப்பாவுக்குள்ளயும் மஞ்சள்தானே இருக்கு!"

பெயின்டர் மனைவியைப் பார்த்தார். மனைவி கூரையைப் பார்த்தாள். மத்தியானத்துக்கு மேல் இன்னொரு கோட்டு ஏறியது.

"இப்பவும் மஞ்சள்தான்."

"இதுக்கு மேல வெள்ளையை இன்னும் யாரும் கண்டுபிடிக்கலைங்க," என்று பெயின்டர் பிரஷை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டினார்.

மணி நாலரை. ஐம்பத்திரண்டு பக்கம் பாக்கி. போன் அடித்தது. பதிப்பாளர்.

"ஆள் கிளம்பிட்டார் சார். மருந்து அளவெல்லாம் ஒழுங்காப் பாத்தீங்கல்ல? உயிர் சமாச்சாரம்."

"பாத்துக்கிட்டே இருக்கேன்."

ஒரு வரியிலேயே பத்து நிமிஷமாக நின்றுகொண்டிருந்தார். கடைசியில் கௌரவத்தை விட்டு மனைவியைக் கூப்பிட்டார்.

"இது அஞ்சா, அம்பதா?"

அவள் நின்ற இடத்திலிருந்தே எட்டிப் பார்த்தாள். "அம்பது."

அவர் அதை ஐந்து என்று வைத்துக்கொண்டு தாண்டவிருந்தார். நல்ல வேளை என்று நினைப்பதற்குள், முன்னே முடித்த பக்கங்கள் ஞாபகத்துக்கு வந்தன.

கதவு படபடவென்று தட்டப்பட்டது. ஓடிப்போய்த் திறந்தார். வாசல் வெளிச்சத்தில் ஓர் உருவம் நின்றது.

"வாங்க தம்பி, உக்காருங்க. கொஞ்சம் பக்கம்தான் பாக்கி."

"தம்பியா?" என்றது ஒரு பெண் குரல். "எதிர்வீட்டுலேர்ந்து வர்றேன் சார்! ஆஸ்பத்திரியில ராத்திரி முழுக்க டியூட்டி பாத்துட்டு வந்து படுத்தா, உங்க கண்ணாடி என் மூஞ்சியில சூரியனைக் கொட்டுது. மனுஷி தூங்க வேண்டாமா?"

"மன்னிச்சுக்கங்கம்மா. என்ன பண்ணியும் இந்த ரூம்ல வெளிச்சமே வரமாட்டேங்குது."

அவள் அடுத்த வசவுக்கு வாயைத் திறந்தவள், அப்படியே நிறுத்தினாள். கூசும் அந்த அறையையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். கிட்டே வந்து, அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, கட்டைவிரலால் இமையைத் தூக்கி, செல்போன் விளக்கை அடித்துப் பார்த்தாள். பிறகு அடுத்த கண்.

மனைவியும் கிட்டே வந்து எட்டிப் பார்த்தாள்.

விளக்கை அணைத்துவிட்டு அவள் சொன்னாள்:

"அக்கா, இனிமே சுவத்துல கை வைக்காதீங்க. சாருக்கு ரெண்டு கண்ணுலயும் புரை."