முன்வரிசை நாற்காலி

கூட்டம் பத்து மணிக்கு. மணி பத்தேகால். நகராட்சிக் கூடத்தில் நாற்காலிகள் வரிசை வரிசையாக இருந்தன. உட்காரத்தான் ஆள் இல்லை.

மக்கள் தொடர்பு அலுவலருக்கு வியர்த்தது. மக்களிடம் கருத்துக் கேட்பது எப்படி என்று பயிற்சி முடித்து வந்து அவர் நடத்தும் முதல் கூட்டம். பார்வையிடத் தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வருகிறார். கூடம் காலியாக இருந்தால் இந்தப் பதவி போய்விடும். பழையபடி குப்பைக் கிடங்குதான்.

வீட்டுக்குப் போன் போட்டார்.

"உங்க அம்மா, தம்பி, பக்கத்து வீடு, யார் கிடைச்சாலும் கூட்டிட்டு வா."

"இப்பத்தான் குழாயில தண்ணி வருது. பாதிக் குடம்கூட நிறையல."

"என் வேலையே போகப் போகுதுடி."

மனைவி வந்தாள். மாமியார் வந்தார். மச்சான் தன் சீட்டாட்டக் கோஷ்டியோடு வந்தான்.

"நான் எதைக் கேட்டாலும் 'நல்லா இருக்கு'ன்னு சொல்லணும்" என்றார் அலுவலர்.

"எது நல்லா இருக்கு, மாப்பிள்ளை?" என்றார் மாமியார்.

"எதுவா இருந்தாலும், அத்தை."

அப்போது ஒருவர் உள்ளே நுழைந்தார். மூக்குக் கண்ணாடி, சட்டைப்பையில் பேனா, கையில் பை. உட்காரும் முன்பே கொட்டாவி விட்டார். சந்தேகமே இல்லை, தலைமை அலுவலகம்தான். அலுவலர் அவரை முன்வரிசையில் உட்கார வைத்து, மின்விசிறியை அவர் பக்கம் திருப்பி, டீயும் வரவழைத்தார். பிறகு காவலாளியின் காதைக் கடித்தார்.

"இனிமே தெரியாத முகம் எதையும் உள்ள விடாதே. நிஜ ஜனம் யாராவது வந்து காரியத்தைக் கெடுத்துடப் போறாங்க."

கூட்டம் தொடங்கியது.

"நகராட்சி விடுற தண்ணி..."

"நல்லா இருக்கு."

"நான் இன்னும் கேட்டே முடிக்கலையே."

"அதுவும் நல்லா இருக்கு" என்றான் மச்சான்.

"சரி, உங்க குறை என்ன?"

"நல்லா இருக்கு" என்றது கூடம், ஒரே குரலில்.

கண்ணாடிக்காரர் திரும்பிப் பார்த்தார். அலுவலர் அவரிடம் ஓடினார். "நீங்களே ஏதாவது சொல்லுங்க சார்" என்று மைக்கை அவரிடம் நீட்டினார்.

"எல்லாரும் வேலைக்குக் கிளம்பின பிறகு தண்ணி விட்டா யாரு பிடிக்கிறது? காலையில ஆறு மணிக்கு விடலாமே."

"விடலாம் சார்." தண்ணீர் திறந்துவிடும் ஊழியருக்கு அங்கேயே போன் பறந்தது. நாளையிலிருந்து ஆறு மணி.

"மூணாவது தெரு சாக்கடைக்கு மூடி இல்ல. போன வாரம் ஒரு அம்மா விழுந்து கால் ஒடிஞ்சது."

"மத்தியானத்துக்குள்ள போட்டுடறோம் சார்." இன்னொரு போன்.

"இதையே நான் வீட்டுல கத்தினப்ப இந்த மனுஷனுக்குக் காதே கேக்கல" என்று மனைவி தன் அம்மாவிடம் முணுமுணுத்தாள்.

"நல்லா இருக்கு" என்றார் அம்மா.

கூட்டம் முடிந்தது. அலுவலர் கண்ணாடிக்காரரின் பையைத் தானே தூக்கிக்கொண்டு வாசல்வரை வந்தார்.

"அறிக்கையில கொஞ்சம் பாத்து எழுதுங்க சார்."

"என்ன அறிக்கை?"

காவலாளி பெருமையோடு வந்து நின்றான். "ஐயா, தலைமை அலுவலகம்னு சொல்லிக்கிட்டு ஒருத்தர் கேட்டுல நின்னு கத்திட்டுப் போறார். தெரியாத முகம். நான் விடுவேனா?"

அலுவலர் கையிலிருந்த பையைப் பார்த்தார். உள்ளிருந்து பாதி தைத்த சட்டை ஒன்று எட்டிப் பார்த்தது.

"அப்ப... நீங்க யாரு?"

"நானா? நோட்டீஸ் பாத்துட்டு வந்தேங்க. பொதுமக்கள்."