தாழ்ந்த காரும் உயர்ந்த ரோடும்

கர்ர்ர்ர்ரக்.

முதலில் சத்தம்தான் வந்தது. அடிப்பிடித்த சட்டியைக் கரண்டியால் சுரண்டுகிற மாதிரி ஒரு சத்தம். ஆனால் அந்தச் சட்டி ஒரு வீட்டளவு இருக்க வேண்டும். பொந்துக்குள் சரிந்த மண்ணைக் கொட்டாங்குச்சியால் வாரிக்கொண்டிருந்த அய்யாக்கண்ணு அப்படியே நின்றுவிட்டார்.

ஒரு காட்டில், அதாவது நடுவில் தார் ரோடு போட்ட பிறகும் தன்னைக் காடு என்றே சொல்லிக்கொண்டிருந்த ஒரு காட்டில், இந்த அய்யாக்கண்ணு என்கிற அழுங்கு குடியிருந்தார். அழுங்கைப் பார்த்திராதவர்களுக்கு: உடம்பு முழுக்கச் செதில், வாயில் ஒரு பல் கிடையாது, எறும்பு தின்று காலம் தள்ளும், பயம் வந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும். அய்யாக்கண்ணுவுக்குப் பயம் அடிக்கடி வரும். கல்யாணத்தன்று தாலி கட்டும் நேரத்தில் சுருண்டுவிட்டார் என்றும், தன் அப்பாதான் அவரை மணமேடை வரைக்கும் உருட்டிக்கொண்டு வந்தார் என்றும் மனைவி செங்கமலம் இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள்.

"என்னங்க அது?" என்றாள் செங்கமலம்.

"நம்ம மேட்டுல ஏதோ மாட்டிக்கிச்சு."

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. ரோட்டோரம் குடியிருக்கிறவர்கள் எல்லாரும் அவரவர் வாசலுக்கு நேரே, ரோட்டுக்குக் குறுக்கே, ஒரு வேகத்தடை போட்டுக்கொள்வார்கள். யாரையும் கேட்க மாட்டார்கள். முயல் வீட்டுக்கு முன்னால் ஒன்று. கீரி வீட்டுக்கு முன்னால் அதைவிட அகலமாக ஒன்று, ஏனென்றால் கீரிக்கும் முயலுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. கறையான்கள் போட்டது கிட்டத்தட்ட கோபுரம். பிள்ளைகள் ரோட்டைக் கடக்க வேண்டுமே என்பது வெளியில் சொல்லிக்கொள்ளும் காரணம். வாசலில் மேடு இல்லாத வீட்டில் யாரும் சம்பந்தம் வைத்துக்கொள்ள மாட்டார்கள் என்பது உள்காரணம்.

அய்யாக்கண்ணுவுக்கு வெளிக்காரணமே போதுமானதாக இருந்தது. அவருடைய குட்டி, அம்மாவின் வால்மேல் தொற்றிக்கொண்டுதான் ரோட்டைக் கடக்கும். செங்கமலம் எவ்வளவு வேகமாக நடந்தாலும் வால் கடைசியாகத்தான் கடந்து முடியும்.

அவர் வெளியே எட்டிப் பார்த்தார். மேட்டின்மேல் ஒரு மஞ்சள் ஸ்போர்ட்ஸ் கார் வயிற்றைப் பதித்துப் படுத்திருந்தது. பின்சக்கரங்கள் அந்தரத்தில் சுற்றிக்கொண்டிருந்தன. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உள்ளே கௌசிக். இளஞ்சிறுத்தை. காட்டு மன்றத்தின் தலைவர் புலி இவனுக்குத் தாய்மாமன். அது எப்படி என்று யாரும் கேட்டதில்லை, கேட்கிற தூரத்துக்கு யாரும் போனதில்லை.

இந்தக் காரை வாங்கிய மறுநாளே கௌசிக் அதை முள்ளம்பன்றி அந்தோணியின் பட்டறைக்குக் கொண்டுபோய் உயரத்தைக் குறைக்கச் சொன்னான்.

"நல்லாத்தானேடா நிக்குது?" என்றார் அந்தோணி.

"பதுங்கின மாதிரி நிக்கணும்ணே. இப்பப் பாயப்போகுதுன்னு தோணணும்."

"நீயே சிறுத்தை. நீ பதுங்கினாப் பத்தாதா?"

"நான் பதுங்கினா எவண்ணே பாக்குறான்?"

அதுவும் நியாயம்தான். பந்தயத் தடத்தில் ஓட்டுவதென்றால் எவ்வளவு வேண்டுமானாலும் இறக்கலாம், நம்மூர் ரோட்டுக்கு ஒரு விரல், மிஞ்சிப்போனால் இரண்டு விரல் என்றார் அந்தோணி.

"நாலு விரல் இறக்குங்க. டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவுல ஒரு எறும்பு போகக் கூடாது."

அந்தோணி அதற்குமேல் வாதாடவில்லை. ஸ்பிரிங்குகளைக் கழற்றி, வெட்டி, மாட்டிவிட்டார். வெட்டிப்போட்ட வளையங்களில் ஒன்றைக் கௌசிக் காப்பாகக் கையில் போட்டுக்கொண்டான்.

கார் அழகாகத்தான் இருந்தது. நிற்கும்போது. ஓடத் தொடங்கினால் ரோட்டில் கிடக்கிற ஒவ்வொரு கல்லும் கௌசிக்கின் முதுகெலும்புக்குத் தனித்தனியாக அறிமுகமானது. மேடு வந்தால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் குள்ளநரி பிரேமானந்த் இறங்கிக்கொள்ள வேண்டும். பாரம் குறையுமாம். காரைச் சாய்வாகத் திருப்பி ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்க வேண்டும். ஏறி இறங்கி ஏறி இறங்கிச் சலித்துப்போன பிரேமானந்த், கீரி வீட்டு வாசலிலேயே, "நான் நடந்து போறேன் மச்சான். நீ மெதுவா வா" என்று போய்விட்டான். அப்போது ஓர் ஆமை காரை முந்திக்கொண்டு போனது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதற்கு இதெல்லாம் பழகிவிட்டது.

தனியாக வந்த கௌசிக் மாட்டிக்கொண்ட இடம்தான் அய்யாக்கண்ணுவின் மேடு.

"அண்ணே, இத எடுத்துடுங்கண்ணே" என்றான் கண்ணாடியை இறக்கிவிட்டு. மரியாதையாகத்தான் சொன்னான். பல் மட்டும் தெரிந்தது.

தம்பி, என் குட்டி கடக்கிற இடம், நீ காரைக் கொஞ்சம் உசத்திக்க. அய்யாக்கண்ணு சொல்ல நினைத்தது இவ்வளவுதான். வாக்கியம் வாய்வரைக்கும் வந்துவிட்டது. அதே நேரத்தில் அவருடைய தாடை நெஞ்சுக்குள் இறங்க ஆரம்பித்தது. அப்புறம் முதுகு வளைந்தது. அப்புறம் ரோட்டில் ஒரு பந்து கிடந்தது.

"அண்ணே?" கௌசிக் இறங்கி வந்து செதிலில் தட்டிப் பார்த்தான். "அண்ணே?"

செங்கமலம்தான் வெளியே வந்தாள். "மேட்டையெல்லாம் எடுக்க முடியாது. நீ வெட்டுன ஸ்பிரிங்கை ஒட்டு."

"வெட்டுனது ஒட்டாதுக்கா."

"அப்பப் புதுசு போடு."

"புதுசு போட்டா உசந்துடுமேக்கா!"

குரல் உடைந்துவிட்டது அவனுக்கு. பந்துக்குள் இருந்த அய்யாக்கண்ணுவுக்கே பாவமாக இருந்தது.

விஷயம் மாமனிடம் போயிற்று. மாமன் பொதுப்பணி எருமை தணிகாசலத்தைக் கூப்பிட்டார். தணிகாசலம் உதவிப் பொறியாளர். எதையும் ஒருமுறை விழுங்கி, நிதானமாக மேலே கொண்டுவந்து அசைபோட்டுத்தான் முடிவெடுப்பார். இரண்டு நாள் அசைபோட்டு எடுத்த முடிவைக் காக்கை ஊரெல்லாம் கரைந்துவிட்டது. ரோட்டை மேடுகளின் உயரத்துக்கு ஏற்றிவிடப் போகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கருத்துக்கேட்புக் கூட்டம்.

செங்கமலம் புருஷனை உட்காரவைத்துச் சொன்னாள். "முயலுக்குப் பின்பக்கம் நாலு வாசல் இருக்கு. கீரி கரைமேல இருக்கு. கறையானுக்கு மாடி வீடு. நமக்கு இருக்கிறது இந்த ஒரு வாசல். ரோடு உசந்தா இது பள்ளமாயிடும், மழைத் தண்ணி மொத்தமும் நேரா உள்ளதான் வரும். இத மட்டும் சொல்லிட்டு வந்துடுங்க. நான் வந்தா குட்டியையும் தூக்கிட்டு வரணும், அந்தப் புலிக்கு முன்னால. கெஞ்சிக் கேக்குறேன், சுருண்டுடாதீங்க."

"சுருள மாட்டேன்" என்றார் அய்யாக்கண்ணு. போகும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார். எங்க வாசல் பள்ளமாயிடும் சார். எங்க வாசல் பள்ளமாயிடும் சார்.

கூட்டத்தில் புலி நடுவில் உட்கார்ந்திருந்தார். தணிகாசலம் எழுந்து விளக்கினார். "மேட்டை இடிச்சா மேட்டுக்காரங்க கோவிச்சுக்குவாங்க. காரை உசத்தச் சொன்னா கார்க்காரர் கோவிச்சுக்குவாரு. ரோட்டை உசத்தினா ரோடு கோவிச்சுக்காது. இதுதாங்க பொறியியல்."

எல்லாரும் முன்னங்காலைத் தட்டினார்கள்.

"யாருக்காவது ஆட்சேபம் இருந்தா கையைத் தூக்கலாம்."

அய்யாக்கண்ணு தொண்டையைச் செருமினார். அதுதான் அவர் செய்த தப்பு. மொத்தக் கூட்டமும் திரும்பிப் பார்த்தது. புலியும் பார்த்தார். கோபமாகக்கூட இல்லை, சும்மாதான் பார்த்தார்.

தாடை இறங்கியது.

உள்ளே, இருட்டில், அவர் கையைத் தூக்கிக்கொண்டுதான் இருந்தார். அது அவர் மூக்கிலேயே இடித்தது.

"ஆட்சேபம் எதுவும் இல்லை" என்று தணிகாசலம் அறிவித்தார். கலைந்து போகும்போது, கல் என்று நினைத்து, குளம்பில் ஒட்டியிருந்த சேற்றை அய்யாக்கண்ணுவின்மேல் தேய்த்துவிட்டுப் போனார்.

ரோடு உயர்ந்தது. மேடுகளெல்லாம் தாருக்கு அடியில் போய்விட்டன. வழவழவென்று இருந்தது. கீரிகூட முயலிடம், "நல்லாப் போட்டிருக்கான் இல்ல?" என்று பேசிவிட்டது. அந்த வாரமே மழை வந்தது. காட்டுத் தண்ணீரெல்லாம் ரோட்டில் ஓடி, ரோட்டுத் தண்ணீரெல்லாம் ஒரே ஒரு வாசலைக் கண்டுபிடித்தது.

செங்கமலம் குட்டியை வாலில் ஏற்றிக்கொண்டு வாகைமரக் கிளையில் போய் உட்கார்ந்தாள். அய்யாக்கண்ணு கொட்டாங்குச்சியால் தண்ணீரை மொண்டு மொண்டு வெளியே ஊற்றினார். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

மழை விட்ட காலையில் அவள் ரோட்டைக் கடந்தபோது மஞ்சளாக ஏதோ ஒன்று பறந்து போனது. வழியில்தான் இப்போது தடையே இல்லையே. வால் நுனியிலிருந்து ஒரு செதில் பெயர்ந்து ரோட்டில் கிடந்தது. குட்டிக்கு ஒன்றுமில்லை. அது அழக்கூட இல்லை, வியந்துபோய்க் காரையே பார்த்துக்கொண்டிருந்தது.

அன்று அய்யாக்கண்ணு, பொந்திலிருந்து வாரிய சேற்றையெல்லாம் சுமந்துகொண்டுபோய் புது ரோட்டின் குறுக்கே மறுபடி மேடு போட்டார். அதைப் பார்த்து முயல் போட்டது. முயலைப் பார்த்து கீரி போட்டது, அகலமாக.

அது காய்ந்து இறுகிய மறுநாள், அவர் பொந்துக்குள் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தபோது கேட்டது.

கர்ர்ர்ர்ரக்.

மேலே ஏறிப் போனார். இப்போது வாசலிலிருந்து ரோட்டுக்கு ஏறித்தான் போக வேண்டும். கார் அதே மாதிரி படுத்திருந்தது. கௌசிக் சிரித்தான். "கவலைப்படாதீங்கண்ணே. மாமாகிட்ட சொல்லியாச்சு. ரோட்டை இன்னும் ஏத்திடுவாங்க."

தாடை இறங்கத் தொடங்கியது. அய்யாக்கண்ணு இரண்டு கையாலும் அதைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினார். பிடித்தபடியே, வாழ்க்கையில் முதல்முறையாக, ஒரு சிறுத்தையின் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"எங்க வாசல் பள்ளமாயிடுச்சு தம்பி. குட்டி கடக்குற இடம். நீ அந்தக் காரைக் கொஞ்சம் உசத்திக்க."

கௌசிக் உண்மையிலேயே வருத்தப்பட்டான். "அய்யோ, நேத்துதாண்ணே இன்னும் ரெண்டு விரல் இறக்கினேன்" என்றான். "ரோடுதான் நல்லாயிடுச்சேன்னு." இன்னொரு கையிலும் காப்பு ஏறியிருந்தது.

அய்யாக்கண்ணு தாடையிலிருந்து கையை எடுத்தார். சுருண்டுவிடவில்லை. கீழே இறங்கிப் போய், மிதந்துகொண்டிருந்த கொட்டாங்குச்சியை எடுத்து, தண்ணீரை மொள்ளத் தொடங்கினார்.

நீதி: தாழ்ந்து போங்கள், உங்களுக்காக உலகமே உயர்ந்து கொடுக்கும். ஆனால் தாழ்வது காராக இருக்கட்டும். வாசலாக இருந்தால் தண்ணீர்தான் வரும்.