மாப்பிள்ளை ஒப்படைத்த கடல்

மாப்பிள்ளையின் கண்ணாடித் தொட்டி பச்சைப் பசேலென்று கிடந்ததைப் பார்த்ததும் சின்னராஜ் கையிலிருந்த தீனி டப்பாவைக் கீழே வைத்துவிட்டார். ஊருக்குப் போகும்போது மாப்பிள்ளை துடைத்து வைத்துவிட்டுப் போன கண்ணாடி அது. இப்போது உள்ளே மீன் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளவே மூக்கை ஒட்ட வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. பவளங்களின் மேல் முடி முடியாக ஏதோ முளைத்து, தண்ணீர் ஓட்டத்தில் ஆடிக்கொண்டிருந்தது.

"ஏம்புள்ள, இங்க வா."

பூவாத்தாள் துடைப்பத்தோடு வந்தாள். பார்த்தாள். துடைப்பம் கையை விட்டு விழுந்தது.

"என்னுங்க இது, ஏரியாட்ட ஆயிப்போச்சு?"

சாதாரண மீன் தொட்டியாக இருந்தால் கழுவி ஊற்றிவிட்டுப் புதுத் தண்ணீர் பிடித்து வைக்கலாம். இது கடல். மாப்பிள்ளை நவநீதகிருஷ்ணனுக்குக் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, வீட்டிலிருந்தபடியே சம்பளம். கடலே இல்லாத நாமக்கல்லில், கல்யாணத்துக்கு முன்பிருந்தே கூடத்துச் சுவர் நீளத்துக்கு ஒரு கடலைக் கட்டி வளர்த்து வந்தார். உப்பைக் கலப்பது, விளக்குப் போடுவது, அலை அடிக்க மோட்டார் வைப்பது, அதில் மீனும் உயிருள்ள பவளமும் வளர்ப்பது. கல்லுக்கு எங்கேயாவது உயிர் இருக்குமா என்று சின்னராஜுக்குச் சிரிப்பு வந்ததுண்டு. மாப்பிள்ளை எதிரில் சிரிக்க முடியாது என்பதால் வீட்டுக்கு வந்து சிரித்துக்கொள்வார்.

கம்பெனி மாப்பிள்ளையை ஒரு மாதத்துக்கு நெதர்லாந்து அழைத்தது. மகள் மோனிஷாவையும் கூட்டிக்கொண்டு போனார். வீட்டுச் சாவியும் தொட்டியும் இரண்டு தெரு தள்ளி இருக்கிற மாமனார் பொறுப்புக்கு வந்தன.

சின்னராஜ் சாவியை வாங்கும்போதே பயந்துகொண்டுதான் வாங்கினார். கம்பெனி அந்த ஊரிலேயே வந்து தங்கிவிடச் சொல்லி மாப்பிள்ளையை நச்சரிப்பது அவருக்குத் தெரியும். மாப்பிள்ளை இதுவரை பிடி கொடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் மாமியார் வைக்கிற நாட்டுக்கோழிக் குழம்புதான் அவரைக் கட்டிப்போட்டிருக்கிறது என்பது சின்னராஜின் திடமான நம்பிக்கை. அவருக்கு ஒரே பெண். எருமப்பட்டிப் பக்கத்துக் கோழிப் பண்ணைக்குப் போகும்போதும் வரும்போதும் வண்டியை நிறுத்தி அவள் முகத்தைப் பார்க்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. அவள் கண்காணாத தேசத்துக்குப் போய்விட்டால் இத்தனை கோழியை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? தொட்டிக்கு ஒன்று ஆனால் மாப்பிள்ளைக்கு மனசு விட்டுப்போகும். மனசு விட்டுப்போன மனிதர் ஊரை விட்டுப் போக எவ்வளவு நேரமாகும்?

அதனால்தான் அவர் தொட்டியைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டார். வம்பே அங்கேதான் ஆரம்பித்தது.

மீனுக்கு ஒரு சிட்டிகை தீனி போதும் என்று மாப்பிள்ளை படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். ஆனால் சின்னராஜ் தொட்டிப் பக்கம் போனாலே அந்த ஆரஞ்சு மீன்கள் இரண்டும் நீல மீனும் கண்ணாடிக்கு ஓடி வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பண்ணைக்காரன் கண்ணுக்கு அது பசி. வயிறு காய்ந்த உயிரைப் பார்த்துக்கொண்டு சும்மா போகிற வழக்கம் அவர் பரம்பரையில் கிடையாது. காலையில் ஒரு பிடி போட்டார். சாயந்தரம் ஒரு பிடி. பண்ணைக்குப் போகிற வழியில் மனசு கேட்காமல் இன்னும் ஒரு பிடி. மீன்கள் தின்றது போக மிச்சமெல்லாம் அழுகி, ஒரே வாரத்தில் தொட்டி ஏரியாகிவிட்டது.

மாப்பிள்ளைக்குச் சொல்ல முடியாது. சேலத்தில் மாப்பிள்ளை வாடிக்கையாகப் போகும் மீன் கடை ஜோஸ்வாவுக்குப் போன் போட்டார். மாப்பிள்ளை காதுக்குப் போகாது என்று மாதா மேல் சத்தியம் வாங்கிக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். ஜோஸ்வா பதறாமல், சின்னக் குப்பியில் தொட்டித் தண்ணீரைப் பிடித்து, தண்ணீரைச் சோதிக்க மாப்பிள்ளை வைத்திருந்த சொட்டு மருந்தை விடச் சொன்னான். தண்ணீர் நீலமாக மாறியது. மை போட்ட மாதிரி நீலம்.

நிறத்தைக் கேட்டதும் ஜோஸ்வா போனிலேயே உச்சுக்கொட்டினான். பிறகு, தீனி அழுகி நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் ஏறிவிட்டது, அதைத் தின்றுதான் பாசி வளர்கிறது என்று விளக்கினான். பாஸ்பேட்டை உறிஞ்சுகிற குருணையை பஸ்ஸில் அனுப்பி வைப்பதாகவும், அதில் இரண்டு ஸ்பூன் மட்டும் போடும்படியும் சொன்னான்.

பொட்டலம் வந்தது. சின்னராஜ் அதைக் கையில் வைத்து நிதானித்துப் பார்த்தார். டன் கணக்கில் தீவனம் கலந்த கை. இத்தனை பெரிய தொட்டிக்கு இரண்டு ஸ்பூன் என்பது அவருக்கு அவமானமாகவே பட்டது. கடைக்காரன் மறுபடி மறுபடி வாங்க வைக்கத்தான் அளவைக் குறைத்துச் சொல்கிறான் என்று தீர்மானித்து, முழுப் பொட்டலத்தையும் கொட்டினார்.

பாசி போய்விட்டது. அவருக்குப் பெருமை தாங்கவில்லை. பூவாத்தாளைக் கூப்பிட்டுக் காட்டினார். அவள் உற்றுப் பார்த்துவிட்டு, பவளமெல்லாம் சோகை பிடித்த பிள்ளை மாதிரி வெளுத்துக் கிடக்கிறதே என்றாள். வெளுத்துத்தான் கிடந்தது. போதாததற்கு மணல் மேல் பழுப்பு நிறத்தில் ஏதோ சளி மாதிரி படர்ந்து, குமிழ் விட்டுக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து மோனிஷா வீடியோ காலில் வந்தாள்.

"அப்பா, தொட்டியக் காட்டுங்க."

"கரண்டு இல்ல சாமி. இருட்டா இருக்குது."

அந்தப் பக்கம் ஏதோ உருண்டு விழுந்த சத்தம் கேட்டது. மாப்பிள்ளையின் முகம் திரையில் தெரிந்தது. மோட்டார் நின்றால் மீன் மூச்சு முட்டிச் செத்துவிடும், இன்வெர்ட்டர் ஓடுகிறதா, பேட்டரியில் தண்ணீர் இருக்கிறதா என்று அவர் அலறிய அலறலில் சின்னராஜுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கரண்டு வந்துவிட்டது மாப்ள என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். தொட்டி மேல் இவ்வளவு உயிரையா வைத்திருக்கிறார் மனிதர் என்று நினைக்க நினைக்க அவருக்கு வியர்த்தது. மோனிஷா அன்றையிலிருந்து தினமும் கூப்பிட்டு, தொட்டி நன்றாக இருக்கிறதா என்று கேட்க ஆரம்பித்தாள். பாவம், புருஷனுக்குப் பயந்து கேட்கிறாள் என்று அவருக்கு நெஞ்சு வலித்தது.

மறுபடி குப்பி, மறுபடி சொட்டு மருந்து. இந்தத் தடவை தண்ணீர் நிறமே மாறவில்லை.

"எத்தன ஸ்பூன் போட்டீங்க?" என்று கேட்டான் ஜோஸ்வா.

"நீ சொன்னதுதான் தம்பி. கொஞ்சம் முன்னப் பின்ன இருக்கும்."

"அண்ணா, அது ஏறுனாலும் ஆபத்து, சுத்தமா இல்லாட்டியும் ஆபத்துங்க. பவளத்துக்கும் அதுதான் சாப்பாடு. இப்பப் பட்டினி கெடக்குது. கொஞ்சமா பாஸ்பேட் சேத்தணும். நான் மருந்து அனுப்பறேன்."

பாஸ்பேட் என்ற சொல் காதில் விழுந்ததும் சின்னராஜ் எழுந்து நின்றுவிட்டார். அவருக்கா பாஸ்பேட்டைப் பற்றிச் சொல்லித் தர வேண்டும்? முட்டை ஓடு கெட்டியாக இருக்கக் கோழித் தீவனத்தில் சேர்க்கிற டிசிபி பவுடர், கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த சமாச்சாரம், அவர் குடோனில் மூட்டை மூட்டையாக அடுக்கியிருந்தது. முட்டை ஓடும் சுண்ணாம்பு, பவளமும் சுண்ணாம்பு. கோழிக்கு ஆகிறது பவளத்துக்கு ஆகாதா? இது தெரியாமல் சேலத்துக்காரனிடம் போய்க் கெஞ்சிக்கொண்டிருந்தோமே என்று தன்னையே கடிந்துகொண்டார். ஜோஸ்வாவிடம் மருந்து வேண்டாம் என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

பூவாத்தாள் தடுத்தாள். "ஏனுங்க, அந்தத் தம்பியை ஒரு வார்த்த கேட்டுட்டுப் போடுங்க."

"கோழித் தீவனத்தப் பத்தி மீன் கடைக்காரனைக் கேக்கச் சொல்றயா?"

ஒரு படி டிசிபியைக் கொட்டினார். பட்டினி கிடந்த ஜீவன்களாயிற்றே என்று, வெயில் காலத்தில் கோழிக்குக் கொடுக்கிற வைட்டமின் டானிக்கையும் அரை பாட்டில் சேர்த்து ஊற்றினார். தொட்டி முழுக்கப் பால் மாதிரி வெளுத்தது. அப்புறம் டானிக் கலந்து ரோஸ் நிறமானது. அப்புறம் ஒன்றுமே தெரியவில்லை.

மறுநாள் காலையில் கதவைத் திறந்ததும் அடித்த நாற்றத்தில் இரண்டு பேரும் வாசலுக்கே திரும்பி வந்துவிட்டார்கள். பண்ணை நாற்றத்தில் புழங்கியவர்களே திரும்பினார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பவளங்கள் கூழாகக் கரைந்து தொங்கின. நீல மீன் மிதந்தது. சின்னராஜ் அப்படியே சுவரோரம் சரிந்து உட்கார்ந்தார். மகள் விமானத்தில் ஏறிக் கையசைத்துப் போவது மட்டும் கண் முன்னால் திரும்பத் திரும்ப ஓடியது.

ஜோஸ்வா வேனை எடுத்துக்கொண்டு நேரிலேயே வந்தான். மூக்கைப் பிடித்துக்கொண்டு தொட்டியைச் சுற்றி வந்தான்.

"இது முடிஞ்சுபோச்சுங்கண்ணா."

"முடிஞ்சுபோச்சுன்னா?"

"உசுரோட இருக்கறது ஆரஞ்சு மீனு ரெண்டு, அப்புறம் நாம மூணு பேரு."

சின்னராஜ் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். என்ன செலவானாலும் சரி, இருந்தது இருந்தபடி எல்லாம் வேண்டும், என் பிள்ளை இந்த ஊரில் இருப்பதும் போவதும் இனி உன் கையில் என்று கெஞ்சினார். ஜோஸ்வா மனம் இளகிவிட்டான். கடையில் வருஷக்கணக்காக வளர்ந்து பழுத்து நின்ற தன் சொந்தத் தொட்டியையே கலைத்து, தண்ணீர் முதல் கல் வரை வேனில் ஏற்றிக் கொண்டுவந்தான். பழைய தொட்டி எப்படி இருந்தது என்பதற்கு மோனிஷா செல்போனில் அனுப்பியிருந்த படங்கள் இருந்தன. அதை வைத்துக்கொண்டு பூவாத்தாள் நிறம் பொருத்தினாள். மகள் கல்யாணத்துக்குப் பட்டு எடுத்தபோதுகூட அவள் அவ்வளவு சிரமப்படவில்லை.

"இந்த ஊதா ஆகாதுங்க தம்பி. அது வெங்காயத் தோலு கலரு. இது கத்திரிக்காயாட்ட இருக்குது."

ஜோஸ்வா கத்திரிக்காயை எடுத்துவிட்டு வெங்காயத் தோலை வைத்தான். எல்லாம் அச்சு அசலாக அமைந்தது. நீல மீன் மட்டும் பழையதைவிட ஒரு சுற்றுப் பெரிதாகக் கிடைத்தது. அதன்பிறகு ஜோஸ்வா ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து பார்த்துக்கொண்டான். சின்னராஜ் தொட்டிப் பக்கம் போகவே கூடாது என்று அவன் போட்ட நிபந்தனைக்கு அவர் மறுபேச்சுப் பேசவில்லை.

மாப்பிள்ளையும் மகளும் வந்து இறங்கிய அன்று, மாப்பிள்ளையின் அம்மா ராஜம்மாளும் மகனைப் பார்க்க மோகனூரிலிருந்து வந்திருந்தார். மாப்பிள்ளை செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே தொட்டியிடம் போனார். நின்றார். குனிந்து ஒவ்வொரு பவளமாகப் பார்த்தார். சின்னராஜின் முகத்தில் ஈயாடவில்லை. பூவாத்தாள் அடுக்களைக்குள் போய்ப் பழனி முருகனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

மாப்பிள்ளை குப்பியை எடுத்தார். தண்ணீரைப் பிடித்தார். சொட்டு மருந்து விட்டார். லேசான நீலம் வந்தது. நைட்ரேட்டுக்கான இன்னொரு குப்பியில் லேசான ரோஸ். அதை வெளிச்சத்தில் பிடித்தபடி மாமனாரைத் திரும்பிப் பார்த்தார்.

"மாமா, நாலு வருசமா நான் போராடறேனுங்க. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் இந்த அளவுல என்னாலயே நிறுத்த முடிஞ்சதில்ல. நீல மீனு வேற எப்படி வளந்துருக்குது பாருங்க."

அவர் கண் கலங்கியிருந்தது. மாமனாரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். சின்னராஜுக்கு உச்சி குளிர்ந்தது. போன உயிர் திரும்பி வந்தது மட்டுமில்லை, கூடவே கொஞ்சம் திமிரும் வந்தது.

"கோழி வளத்த கைங்க மாப்ள. உசுரோட அரும தெரியும். இந்தத் தொட்டிய நான் கண்ண மூடிட்டுப் பாத்துக்குவேன்."

மாப்பிள்ளை தலையை ஆட்டிக்கொண்டே போனை எடுத்து, இங்கிலீஷில் யாருடனோ எஸ், எஸ் என்று பேசியபடி உள்அறைக்குப் போனார். மோனிஷா ஓடிப்போய் அம்மாவைக் கட்டிக்கொண்டு குதித்தாள். தொட்டி பிழைத்ததில் பிள்ளைக்கு இவ்வளவு சந்தோஷமா என்று சின்னராஜ் பூரித்துப் போய்த் திரும்பினார். சோபாவில் உட்கார்ந்திருந்த ராஜம்மாள், விளைந்த கரும்புக்குத் தீ வைத்தவனைப் பார்ப்பதுபோல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"காப்பி சாப்புடுங்க சம்பந்தி," என்றார் சின்னராஜ், ஒன்றும் புரியாமல்.

ராஜம்மாள் காப்பியைத் தொடவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"பாத்துக்க ஆளில்லாம தொட்டிய உட்டுட்டுப் போகமாட்டேன்னுதானுங்க அவன் இத்தன நாளா அந்த ஊரு வேலைக்கு ஒத்துக்காம இருந்தான். உங்ககிட்டக் குடுத்தா ஒரே மாசத்துல கொன்னு போட்டுருவீங்கன்னு உங்களத்தானுங்க சம்பந்தி நான் மலையாட்ட நம்பியிருந்தேன்."